டிராகோவின் பெயரும் டிராகோவின் கல்லும்

பயங்கரவாதத் தடுப்பு என்ற பெயரில் தடா வந்தபோது சொன்னார்கள். பொடா வந்தபோது சொன்னார்கள். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான உபா திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள்: "இது டிராகோனியன் சட்டம்." நீதிமன்ற வாதங்களில், நாடாளுமன்ற உரைகளில், ஆங்கில நாளிதழ்களின் தலையங்கங்களில் இந்தச் சொல் ஓயாமல் புழங்குகிறது. கறுப்புச் சட்டம், அடக்குமுறைச் சட்டம், ஆள்தூக்கிச் சட்டம் என்று தமிழில் நமக்கே சொற்கள் உண்டு. ஆனாலும் வழக்கறிஞர்கள் பேசும்போது ஆங்கிலச் சொல்லே முன்னால் வந்து நிற்கிறது. அந்தச் சொல்லுக்குள் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரத்துக்குச் சட்டம் எழுதிய டிராகோவின் பெயர் அது.

அகராதிகளைப் பார்த்தால், குற்றத்துக்குப் பொருந்தாத அளவு கடுமையான தண்டனை, ஈவிரக்கமற்ற சட்டம் என்று பொருள் தருகின்றன. ஒரு மனிதரின் பெயர் இத்தனை காலம் கொடுமையின் மறுபெயராக நிலைப்பது சாதாரணமில்லை. ஆனால் டிராகோ எழுதிய சட்டங்களில் இன்று நம் கைக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான். அதைப் படிப்பவருக்கு, அந்தப் பெயரைச் சுமக்கும் சொல்லின் மேல் ஐயம் வராமல் போகாது.

முதலில் பழியைக் கேட்போம். டிராகோவைப் பற்றி உலகம் அறிந்த கதைகளில் பெரும்பாலானவை, டிராகோவுக்குப் பின் வந்த சட்டமியற்றுநர் சோலோனைப் பற்றிக் கிரேக்க எழுத்தாளர் புளுட்டார்க் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருகின்றன. அனேகமாக எல்லாக் குற்றத்துக்கும் டிராகோ மரண தண்டனை வைத்தார் என்கிறார் புளுட்டார்க். வேலை செய்யாமல் சோம்பித் திரிந்தவனுக்கும் மரணம். காய்கறியோ பழமோ திருடியவனுக்கும், கோயிலைக் கொள்ளையடித்தவனுக்குக் கிடைத்த அதே முடிவு. அந்தச் சட்டங்கள் மையால் அல்ல, இரத்தத்தால் எழுதப்பட்டவை என்று டெமாடெஸ் என்ற பேச்சாளர் சொன்ன சொல் புகழ்பெற்றது என்றும் குறிக்கிறார். ஏன் எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை என்று கேட்டபோது, சிறு குற்றங்களுக்கே மரணம்தான் தகும், பெருங்குற்றங்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடைக்கவில்லை என்று டிராகோ பதில் சொன்னாராம்.

புளுட்டார்க் வாழ்ந்தது கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில். டிராகோ சட்டம் எழுதியதாக மரபு சொல்லும் ஆண்டு கி.மு. 621. நடுவில் ஏறக்குறைய 700 ஆண்டுகள். டெமாடெஸும் கி.மு. நான்காம் நூற்றாண்டுக்காரர், மாசிடோனியா ஏதென்ஸை அடக்கி வைத்திருந்த காலத்தில் கூர்மையான ஒருவரிப் பேச்சுகளுக்குப் பேர்போனவர். டிராகோவுக்கும் அவருக்கும் இடையிலேயே மூன்று நூற்றாண்டுகள் கிடக்கின்றன. மேலும், புளுட்டார்க் எழுதிக்கொண்டிருந்தது சோலோனைப் பற்றி. கி.மு. 594-ஐ ஒட்டி ஏதென்ஸின் கடன்களைத் தள்ளுபடி செய்து, கடனுக்கு அடிமையானவர்களை மீட்ட அந்தப் பெருந்தகையின் கதையில், அவருக்கு முன்னால் இருந்தவர் இருட்டாக இருப்பது கதைக்கு வசதி. டிராகோவின் சட்டங்களைச் சோலோன் நீக்கினார் என்று சொல்லும் அதே இடத்தில், கொலைச் சட்டத்தை மட்டும் விட்டுவைத்தார் என்றும் புளுட்டார்க் சொல்கிறார். கதையைத் திருப்பிச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிற்பதில்லை.

அந்தக் கொலைச் சட்டம்தான் கல்லில் கிடைத்திருக்கிறது.

கி.மு. 411-ல் ஏதென்ஸில் நானூறு பேர் கொண்ட ஒரு கூட்டம் மக்களாட்சியைக் கவிழ்த்தது. அடுத்த ஆண்டே மக்களாட்சி மீண்டது. மீண்டவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, நகரத்தின் பழைய சட்டங்களைத் தேடித் தொகுத்து, யாரும் மறைக்கவோ திருத்தவோ முடியாதபடி கல்லில் வெட்டுவது. கி.மு. 409-408-ல், டையோக்ளீஸ் என்பவர் ஆட்சித் தலைவராக இருந்தபோது, கொலை பற்றிய டிராகோவின் சட்டத்தைச் சலவைக்கல்லில் பொறித்து, அரச மண்டபத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று பேரவை ஆணையிட்டது. அந்தக் கல் 19-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் கண்டெடுக்கப்பட்டது. இன்று அந்நகரக் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்துகள் மிகவும் தேய்ந்துவிட்டன. 1968-ல் ரொனால்ட் ஸ்ட்ரவுட் என்ற அறிஞர் எழுத்தெழுத்தாக மறுபடி படித்து வெளியிட்ட பாடமே இன்றைய ஆய்வுகளுக்கு அடிப்படை. சிதைந்த இடங்கள் சிலவற்றை, இதே சட்டத்தை எடுத்துக்காட்டும் ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தனிஸின் நீதிமன்ற உரைகளைக் கொண்டு நிரப்ப முடிந்திருக்கிறது.

சட்டம் எப்படித் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முன்யோசனையின்றி ஒருவன் இன்னொருவனைக் கொன்றாலும் அவன் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பதே முதல் விதி. மரணம் அல்ல, நாடுகடத்தல். கொலை செய்தவனின் மனத்தில் திட்டம் இருந்ததா இல்லையா என்ற கேள்வி அங்கே சட்டத்தின் வாசலிலேயே நிற்கிறது. திட்டமிட்ட கொலையை ஒன்றாகவும் திட்டமில்லாமல் நேர்ந்த மரணத்தை வேறாகவும் இன்றைய குற்றவியல் சட்டங்கள் பிரிக்கின்றன. கி.மு. ஏழாம் நூற்றாண்டில், ஒரு சிறு கிரேக்க நகரத்தில், அந்தப் பிரிவினைக்கான சொல் எழுத்தில் ஏறிவிட்டது.

அடுத்து, தீர்ப்பு சொல்வது யார்? செத்தவனின் அண்ணனோ மகனோ அல்ல. எஃபெட்டாய் எனப்பட்ட 51 நடுவர்கள் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கொலை செய்ததாகச் சொல்லப்படுபவன் மேல் சந்தைவெளியில் எல்லோருக்கும் கேட்கும்படி குற்றம் சாட்ட வேண்டும். சாட்ட உரிமையுள்ள உறவினர் யார், அவர்களோடு சேர்ந்து வழக்கு நடத்தக் கடமைப்பட்ட உறவுகள் எவை என்பதையும் சட்டம் வரையறுக்கிறது.

மன்னிப்புக்கும் வழி உண்டு. செத்தவனின் தகப்பனும் சகோதரர்களும் மகன்களும் ஒருமனதாக ஒப்புக்கொண்டால் நாடு கடந்தவன் திரும்பி வரலாம். ஒருவர் மறுத்தாலும் மறுப்பே செல்லும். அவர்களில் யாரும் உயிரோடு இல்லையென்றால், சற்றுத் தள்ளிய பங்காளிகளிடம் கேட்க வேண்டும். அவர்களும் இல்லை, கொலை வேண்டுமென்றே நடக்கவில்லை என்று 51 பேரும் தீர்மானித்துவிட்டார்கள் என்றால், குலக்குழுவிலிருந்து தகுதி பார்த்துத் தேர்ந்த 10 பேர் அவனை உள்ளே அனுமதிக்கலாம். இந்த அடுக்கைப் பார்த்தால், மன்னிப்பதற்கு ஆளே இல்லாமல் ஒருவன் ஆயுள் முழுக்க அந்நிய மண்ணில் கிடந்துவிடக் கூடாதே என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருப்பது தெரிகிறது. இரத்தத்தால் எழுதியவனின் கவலையாக இது தெரியவில்லை.

இன்னொரு விதி. நாடு கடந்த கொலையாளி எல்லைச் சந்தை, விளையாட்டு விழா, பொதுச் சடங்குகள் ஆகியவற்றுக்கு வராமல் ஒதுங்கியிருந்தால், அவனைத் தேடிப்போய்க் கொல்பவன் ஒரு ஏதென்ஸ் குடிமகனைக் கொன்றவனாகவே கருதப்படுவான். தண்டனையை ஏற்று வெளியேறியவனின் உயிருக்குச் சட்டமே காவல். தற்காப்புக்கும் இடமிருக்கிறது: அநியாயமாகப் பலவந்தம் செய்து பொருளைப் பறிக்கிறவனை அந்த இடத்திலேயே தடுத்துக் கொன்றால் குற்றமில்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்காக? அந்தக் காலத்து ஏதென்ஸைப் பார்த்தால் விடை தெரியும். டிராகோவுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் முன், ஒலிம்பிக்கில் வென்ற கைலோன் என்ற பிரபு நகரக் கோட்டையைக் கைப்பற்றிச் சர்வாதிகாரியாக முயன்றார். முயற்சி தோற்றது. அவருடைய ஆட்கள் தெய்வத்தின் முன் அடைக்கலம் புகுந்தார்கள். உயிருக்குப் பங்கமில்லை என்று வாக்குக் கொடுத்து அவர்களை வெளியே அழைத்து வந்து கொன்றார்கள். அதற்குப் பொறுப்பாளி என்று மெகக்ளீஸ் என்பவரையும் அவருடைய அல்க்மியோன் குடும்பத்தையும் ஊர் சபித்தது. அந்தச் சாபம் இரு நூற்றாண்டுகள் கழித்து ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ் காலம்வரை அரசியலில் எடுத்து வீசப்பட்டது. குடும்பத்துக்குக் குடும்பம் பழி, பழிக்குப் பழி என்று இரத்தக்கணக்கு நீண்டுகொண்டிருந்த நகரத்தில்தான் டிராகோவின் சட்டம் வந்தது என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். எழுதப்பட்ட சட்டம் முந்திய கொலைகளுக்கும் பொருந்தும் என்ற விதி கல்லிலேயே இருப்பது இந்தக் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஓடிக்கொண்டிருந்த பகைகளையும் சேர்த்து முடிக்கும் நோக்கம் அதில் தெரிகிறது.

அதுவரை சட்டம் என்பது சில பிரபுக் குடும்பங்களின் நினைவில் இருந்தது. வழக்கு யாருடையது என்பதைப் பொறுத்து வழக்கமும் மாறும். எழுத்துத் தெரிந்த எவரும் படிக்கும்படி அதைப் பொதுவில் வைத்தது, கடுமையைவிடப் பெரிய செய்தி. அதிகாரத்தில் இருப்பவன் தன் இஷ்டத்துக்குச் சட்டத்தை இழுத்துக்கொள்ள முடியாதபடி செய்த முதல் அடி அதுதான்.

டிராகோவை முழுக்க விடுவித்துவிடவும் முடியாது. நீக்கப்பட்ட மற்றச் சட்டங்கள் மென்மையானவையாக இருந்திருந்தால் சோலோன் அவற்றை ஏன் நீக்க வேண்டும்? டிராகோவின் சட்டங்களில் தண்டனையின் கடுமையைத் தவிரக் குறிப்பிடத்தக்கது இல்லை என்று அரிஸ்டாட்டிலும் தம் அரசியல் நூலில் எழுதியிருக்கிறார். திருட்டுக்கு மரணம் என்பது பழங்காலச் சட்டங்களில் அரிதும் அல்ல. ஆனால் எல்லாவற்றுக்கும் மரணம் என்ற பேச்சு உண்மையாக இருக்க முடியாது. கொலைச் சட்டமே நாடுகடத்தலைத் தண்டனையாக வைக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் சொற்றொகுப்பு ஒன்றை எழுதிய போலக்ஸ், டிராகோவின் சட்டத்தில் 20 மாடுகள் அபராதம் என்று ஒரு விதி இருந்ததைக் குறிக்கிறார். நாணயம் புழங்காத காலத்தின் அபராதம் அது. காய்கறி திருடியவனைக் கொன்றதாகச் சொல்லப்படும் மனிதர் மாட்டைத் தண்டமாக வாங்கிக்கொண்டு ஆளை விட்டிருக்கிறார்.

உயிரில்லாத பொருள் ஒருவன் மேல் விழுந்து கொன்றால் அதையும் விசாரித்து எல்லைக்கு வெளியே அப்புறப்படுத்த வேண்டும் என்ற ஏதென்ஸ் வழக்கத்தையும் பிற்காலத்தார் டிராகோவின் கணக்கில் எழுதினார்கள். தாசோஸ் தீவில் தியாஜெனிஸ் என்ற மல்லனின் வெண்கலச் சிலையை ஒரு பகைவன் இரவுதோறும் வந்து சவுக்கால் அடித்தானாம். ஒருநாள் சிலை அவன் மேல் சாய்ந்து கொன்றது. அவன் பிள்ளைகள் சிலை மேல் கொலை வழக்குப் போட்டார்கள். ஊரார் டிராகோவின் வழியைப் பின்பற்றி அதைக் கடலில் எறிந்தார்கள் என்று கிரேக்கப் பயணநூல் ஆசிரியர் பௌசானியாஸ் எழுதுகிறார். கொலை நடந்த மண் தீட்டுப்பட்டது, அது கழிய வேண்டும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதற்கு இந்தக் கதை சான்று.

பெயரே டிராகோவுக்கு எதிரியானது. கிரேக்கத்தில் 'டிராக்கோன்' என்றால் பெரும்பாம்பு. ஆங்கிலத்தின் 'டிராகன்' அதன் வழி வந்ததே. இவை மனிதனின் சட்டங்கள் அல்ல, பாம்பின் சட்டங்கள் என்று ஹெரோடிக்கஸ் என்பவர் சிலேடை சொன்னதை அரிஸ்டாட்டில் தம் பேச்சுக்கலை நூலில் குறித்திருக்கிறார். எளிதில் நாவில் ஒட்டிக்கொள்ளும் சிலேடைகள் எளிதில் போவதில்லை. லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்கு இந்தப் பெயர் பரவியபோது, கல் மண்ணுக்கடியில் கிடந்தது. கையில் இருந்தவை புளுட்டார்க்கின் கதைகளும் சிலேடையும்தான். ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டிலேயே 'டிராகோனிக்' என்ற உரிச்சொல் தென்படுகிறது. 'டிராகோனியன்' பிற்பாடு வந்து அதைப் பின்தள்ளியது.

அந்தச் சொல் ஆங்கிலத்தில் ஊன்றிக்கொண்ட காலத்தில் இங்கிலாந்தின் சொந்தச் சட்டம் எப்படி இருந்தது? 1688-ல் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் சுமார் 50. அடுத்த நூற்றாண்டின் இடையில் அது நூறைத் தாண்டி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 200-ஐக் கடந்தது. 1723-ல் வந்த 'கறுப்புச் சட்டம்' முகத்தில் கரி பூசிக்கொண்டு காட்டில் மான் வேட்டையாடுபவர்களை ஒடுக்கப் பிறந்தது. மரம் வெட்டுவது, குளத்து மீனைத் திருடுவது என்று பலவற்றையும் ஒரே மூச்சில் தூக்குக்குரிய குற்றமாக்கியது. கடையில் 5 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் தூக்கு. வீட்டில் 40 ஷில்லிங் திருடினால் தூக்கு. ஆளைக் கொல்ல மனமில்லாத ஜூரிகள், கண்முன் கிடக்கும் பொருளின் விலையை வேண்டுமென்றே 39 ஷில்லிங் என்று மதிப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். சாமுவேல் ரோமில்லி என்ற வழக்கறிஞர் 1808-ல் ஜேப்படித் திருட்டுக்கான மரண தண்டனையை நீக்க வைத்தார். 1810-ல் கடைத்திருட்டுக்கும் நீக்க முயன்றபோது பிரபுக்கள் சபை தோற்கடித்தது. சிறு திருட்டுக்கும் மரணம் என்று டிராகோவின் மேல் சுமத்தப்பட்ட நிலை, ஆவணச் சான்றோடு நமக்குக் கிடைப்பது லண்டனில்தான்.

இந்தியாவுக்கு அந்தச் சட்டமுறை வந்தபோது கொடுமை வேறு உருவம் எடுத்தது. தண்டனையின் அளவைவிட, யாரைத் தண்டிப்பது என்ற இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது. 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒருவன் செய்ததைப் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்த்தது. 1911-ன் புதிய வடிவத்தில் அது சென்னை மாகாணத்தைப் பிடித்தது. கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். உசிலம்பட்டிப் பகுதிப் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த கள்ளர் மக்கள் மேல் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். முன்யோசனை இருந்ததா என்று டிராகோவின் கல் கேட்டது. செயலே நடக்காத இடத்தில் இந்தச் சட்டம் குற்றவாளியைக் கண்டுபிடித்தது.

1919-ன் ரௌலட் சட்டம் விசாரணையையே சுருட்டிவிட்டது. ஜூரி இல்லை, மேல்முறையீடு இல்லை, விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். அது சட்டமான செய்தி வந்தபோது காந்தி சென்னையில் ராஜாஜியின் விருந்தினராக இருந்தார். நாடு முழுவதும் கடையடைப்பும் நோன்பும் அறிவிக்கும் எண்ணம் அங்கேதான் அதிகாலைக் கனவுபோலத் தமக்குத் தோன்றியது என்று தன்வரலாற்றில் அவர் பதிந்திருக்கிறார்.

விடுதலைக்குப் பிறகும் அந்த மரபு அறுபடவில்லை. காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பழைய பாதுகாப்பு. தடா அதை உடைத்தது. கண்காணிப்பாளர் நிலை அதிகாரி எழுதிக்கொண்டால் போதும் என்றது. 1994-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. பெரும் பங்கு வகித்தவருக்கும் சிறு உதவி செய்தவருக்கும் ஒரே தீர்ப்பு. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் தூக்கை நான்கு பேருக்கு மட்டும் உறுதி செய்து, 19 பேரை விடுவித்தது. தடாக் குற்றங்கள் இந்த வழக்கில் பொருந்தாது என்றும் சொன்னது. ஆனால் தடாவின் கீழ் எடுத்த வாக்குமூலங்களைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான பேரறிவாளன் மேல் இருந்த முக்கியக் குற்றச்சாட்டு, இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தது. அவை எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவர் சொன்ன வாக்கியத்தைத் தாம் பதியாமல் விட்டதாக, வாக்குமூலம் எழுதிய சிபிஐ அதிகாரி ஓய்வுபெற்ற பின் 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். முன்யோசனை இருந்ததா என்ற ஒரே கேள்விக்கான ஒரே பதில் காகிதத்தில் ஏறவில்லை. 19 வயதில் கைதான அவர் 2022 மே 18 அன்று விடுதலையானபோது ஏறத்தாழ 31 ஆண்டுகள் கழிந்திருந்தன.

உபா சட்டத்தில் தண்டனை தீர்ப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் தரக் கூடாது என்கிறது அதன் 43டி(5) பிரிவு. திருச்சியில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளிடையே உழைத்த ஸ்டான் சுவாமி 2020 அக்டோபரில் 83 வயதில் கைதானார். பார்க்கின்சன் நோயால் கைநடுங்கியவர், தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு நிலுவையில் இருக்க, மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர் மேல் விசாரணையே தொடங்கியிருக்கவில்லை.

சட்டத்தின் கொடுமையைத் தண்டனையின் அளவைக் கொண்டு மட்டும் அளக்கப் பழக்கியிருக்கிறது 'டிராகோனியன்' என்ற சொல். பேரறிவாளனுக்கும் ஸ்டான் சுவாமிக்கும் மறுக்கப்பட்டவை வேறு: எண்ணம் இருந்ததா என்ற கேள்வி, பொதுவில் கேட்கும் நடுவர், திரும்பி வருவதற்கான வழி. இவை மூன்றும் டிராகோவின் கல்லில் இருக்கின்றன.

தீர்ப்புக்கு முன்பே தொடங்கும் இந்தக் கொடுமையை இலங்கைத் தமிழர்கள் நெடுங்காலமாக அறிந்தவர்கள். 1979-ல் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு தற்காலிகம் என்று சொல்லிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1982-ல் அது நிரந்தரமானது. அமைச்சரின் கட்டளையிலேயே 18 மாதம்வரை தடுத்து வைக்கலாம் என்றது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும். அது அடித்து வாங்கப்பட்டது என்று நிரூபிக்க வேண்டிய சுமை அடிவாங்கியவர் தலையில். 2022-ல் வந்த திருத்தம் 18 மாதத்தை 12 ஆகக் குறைத்தது. வாக்குமூலப் பிரிவை அது தொடவில்லை.